செண்டினல்ஸ் முதலில் உங்களிடம் வந்தது மேசையிலா, திரையிலா?

கட்டுக்காரர்:

எல்லாரும் ஹீரோக்களாகச் சேர்ந்து ஒரு வில்லனை எதிர்க்கும் செண்டினல்ஸ் ஆஃப் தி மல்டிவெர்ஸ் கார்டு ஆட்டம் உங்களிடம் முதலில் எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்கத்தான் இதைத் தொடங்குகிறேன். என் கருத்தையும் முதலிலேயே வைத்துவிடுகிறேன், பிறகு சண்டை போடலாம். மேசையைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து கார்டைக் கையில் பிடித்துத் தொடங்கியவர்களுக்கும், ஹாண்டெலாப்ரா நிறுவனம் 2014-இல் வெளியிட்ட டிஜிட்டல் பதிப்பில் தொடங்கியவர்களுக்கும் கிடைத்தது ஒரே ஆட்டம் இல்லை. திரையில் தொடங்கியவர்கள் பாதியைத்தான் பார்த்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம்.

என் கதை இது. நண்பனின் அண்ணன் ஒரு நாள் பெட்டியோடு வந்தார். பத்து ஹீரோக்கள், நாலு வில்லன்கள், நாலு சூழல் டெக்குகள் (சண்டை நடக்கும் இடங்களுக்கான கார்டுக் கட்டுகள்). எங்கள் யாருக்கும் ஒரு பெயர்கூடத் தெரியாது. படத்தைப் பார்த்து ஆளுக்கு ஒன்று எடுங்கள் என்றார். மார்பை நிமிர்த்தி நிற்கும் லெகசியை நான் எடுத்தேன். எடுத்த பிறகுதான் தெரிந்தது, அவருடைய அடிப்படை பவர் யாரையும் அடிப்பதே இல்லை! கால்வனைஸ் என்று ஒன்று, அடுத்த முறை வரும்வரை எல்லா ஹீரோக்களும் கொடுக்கும் அடி ஒன்று கூடும், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்தவன் ராவை வைத்துக்கொண்டு நெருப்பை அள்ளி வீசுகிறான், நான் சும்மா உட்கார்ந்து "எல்லாருக்கும் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். இரண்டு சுற்றுக்கு முகம் தொங்கிப் போயிருந்தது.

மூன்றாவது சுற்றில் டெம்பஸ்ட் வைத்திருந்தவள் தன் ஸ்குவால் பவரைப் போட்டாள். ஹீரோ அல்லாத எல்லா இலக்குகளுக்கும் ஒரு அடி. எதிரில் பேரன் பிளேடு என்ற வில்லனும் அவனுடைய அடியாட்களும் சேர்ந்து ஐந்து இலக்குகள். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒன்று குறைக்கப் போனபோது அண்ணன் கையை நீட்டித் தடுத்து, "லெகசி இருக்கிறார், எல்லாம் இரண்டு" என்றார். மேசையில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில்தான் எனக்கு இந்த ஆட்டம் கிடைத்தது.

அப்புறம் நிலா. பேரன் பிளேடின் டிராஷில், அதாவது ஆடி முடித்த கார்டுகள் குவியும் இடத்தில், பதினைந்து கார்டு சேர்ந்துவிட்டால் நிலாவை இழுத்து பூமி மேல் போட்டுவிடுவான், ஆட்டம் முடிந்தது. பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று என்று சத்தமாக எண்ணிக்கொண்டே ஆடினோம். அவனுடைய 40 உயிர்ப் புள்ளிகளையும் தீர்த்துவிட்டுக் கத்திக் கொண்டாடிக்கொண்டிருந்தபோது அண்ணன் எதுவும் பேசாமல் அட்டையைத் திருப்பினார். பின்பக்கத்தில் இன்னொரு பிளேடு, 30 புள்ளி. அந்த நொடியில் மேசையில் விழுந்த அமைதியைத் திரையில் எங்கே தேடுவது?

திரைவாசி:

என் பெயரே பதில் சொல்லிவிடும், நான் திரையில் தொடங்கியவன். பாதி ஆட்டம் என்றதை மட்டும் விட முடியாது.

எனக்கு அப்போது இரவு வேலை. எல்லாரும் தூங்கும்போது நான் விழித்திருப்பேன், நான் தூங்கும்போது எல்லாரும் வெளியே போய்வருவார்கள். நாலு பேரை ஒரு மேசைக்குக் கூட்டி வருவது என்பது அந்த இரண்டு வருடமும் என் வாழ்க்கையில் நடக்காத காரியம். டேப்லட்டில் வேறு எதையோ தேடும்போது இது கண்ணில் பட்டது. காமிக்ஸ் பக்கம் மாதிரி திரை விரிகிறது, ஹீரோக்கள் வரிசையாக நிற்கிறார்கள், ஒருவரையும் தெரியாது. சரி, பார்ப்போம் என்று மூன்று பேரை எடுத்தேன். பேரன் பிளேடிடம் தொடர்ந்து பதினொரு முறை தோற்றேன். நீங்கள் சொல்கிற நிலா என் தலையிலும்தான் விழுந்தது, ஒரு முறை அல்ல.

ஆனால் ஒவ்வொரு தோல்விக்கும் காரணம் என் கண் முன்னால் இருந்தது. ஒரு அடி ஏன் மூன்றாக ஆனது, எந்தக் கார்டு எதைக் கூட்டியது, எது குறைத்தது, எந்த வரிசையில், எல்லாவற்றையும் அது காட்டும். மேசையில் இதை ஒருவர் மனதில் வைத்துக்கொண்டு ஓட்ட வேண்டும். அவர் ஒன்றை மறந்தால் எல்லாரும் சேர்ந்து தவறான ஆட்டத்தை ஆடுவீர்கள், அது தெரியவும் தெரியாது.

உங்களிடமே கேட்கிறேன். லெகசி கால்வனைஸ் போட்டிருக்கிறார். அடுத்து அப்சொல்யூட் ஜீரோ என்ற ஹீரோவின் முறை. அவரிடம் ஐசோதெர்மிக் டிரான்ஸ்டியூசர் இறங்கியிருக்கிறது, வாங்கும் நெருப்பு அடியைக் குளிர் அடியாகத் திருப்பி அனுப்பும் கார்டு. அடிப்படை பவரால் தனக்குத்தானே ஒரு நெருப்பு அடி கொடுத்துக்கொள்கிறார். வில்லனுக்கு எவ்வளவு குளிர் அடி போகும்? புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லுங்கள்.

கட்டுக்காரர்:

இரண்டு. ஜீரோ வாங்கியது ஒன்று, அதே அளவு திருப்பிக் கொடுக்கிறார், லெகசியால் ஒன்று கூடுகிறது. எங்கள் குழுவில் ஜீரோவை ஆடும் ஆள் ஒரு வருடமாக இப்படித்தான் ஆடுகிறான்.

திரைவாசி:

மூன்று. கால்வனைஸ் ஹீரோக்கள் கொடுக்கும் அடியைத்தான் கூட்டுகிறது, யாருக்குக் கொடுக்கிறார் என்று பார்ப்பதில்லை. ஜீரோ தன்னையே அடித்துக்கொள்வதும் ஒரு ஹீரோ கொடுக்கும் அடிதான். ஆகவே அவருக்கு விழுவது இரண்டு நெருப்பு. டிரான்ஸ்டியூசர் அந்த இரண்டைக் குளிராக வெளியே அனுப்புகிறது, அதுவும் ஒரு ஹீரோ கொடுக்கும் அடி, அதன் மேலும் ஒன்று கூடுகிறது. மூன்று.

இன்னொன்றையும் சேருங்கள். நல்-பாயிண்ட் காலிபரேஷன் யூனிட் என்ற கார்டு இறங்கியிருந்தால் ஜீரோவுக்கு விழும் குளிர் அடி அவருக்கு உயிராக மாறிவிடும். லெகசி இருந்தால் ஒன்றுக்குப் பதில் இரண்டு திரும்பக் கிடைக்கும். வெறும் ஒரு அடி, அதுவும் தன்னையே அடித்துக்கொள்ளும் பரிதாபமான பவர் என்று முதல் நாள் நினைத்த ஒரு ஆள், லெகசியின் பக்கத்தில் நின்றதும் இப்படி ஆகிறார். அதிகாலை மூன்று மணிக்கு, யாரும் இல்லாத அறையில், திரையில் அந்த மூன்று என்ற எண் வந்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். எனக்கு ஆட்டம் கிடைத்த இடம் அது. அதைப் பாதி என்று சொல்லாதீர்கள்.

விழுந்தஹீரோ:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், என் கதை கட்டுக்காரர் பக்கம்தான் சேரும்.

எங்கள் வீட்டில் எந்த ஆட்டம் ஆடினாலும் முதலில் வெளியே போவது என் தங்கை. வயதில் ரொம்பச் சிறியவள். தோற்றவுடன் அவளுக்கு வேலை இல்லை, போய் ஒரு மூலையில் உட்கார்ந்துகொள்வாள், கொஞ்ச நேரத்தில் அழுகை. செண்டினல்ஸைக் கடன் வாங்கி வந்த அன்றும் அதே நடந்தது. வில்லனின் முறை, ஆறு புள்ளி போய்விட்டது, அவளுடைய ஹீரோ விழுந்தார். அவள் எழுந்திருக்கப் போனாள். விதிப்புத்தகத்தைக் கையில் வைத்திருந்த அம்மா, "உட்காரு, உன் அட்டையைத் திருப்பணுமாம்" என்றார்.

திருப்பினால் பின்பக்கம் அடிபட்டுக் கிடக்கும் ஹீரோவின் படம், அதன் அடியில் மூன்று உதவிகள். ஒவ்வொரு முறையும் அவள் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். அடுத்த அரை மணி நேரம் அவளை நாங்கள் எல்லாரும் கெஞ்சிக்கொண்டிருந்தோம். எனக்குக் கொடு, இல்லை எனக்குக் கொடு என்று. கடைசி அடியை அடித்தது என் ஹீரோதான், ஆனால் அந்தக் கார்டை அந்த நேரத்தில் இறக்க என்னை அனுமதித்தது அவள் கொடுத்த உதவி. அன்று இரவு தூங்கப் போகும் வரைக்கும் "நான் செத்துப்போய் ஜெயிச்சேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இதைத் திரையில் ஒரே ஆள் நாலு ஹீரோக்களையும் ஆட்டும்போது எப்படி உணர முடியும்? விழுந்தவரும் நீங்கள், உதவி வாங்குபவரும் நீங்கள்.

திரைவாசி:

உங்கள் தங்கையின் கதைக்கு என்னிடம் பதில் இல்லை. அதை மேசைக்கே கொடுத்துவிடுகிறேன்.

ஆனால் ஒரே ஆள் நாலு ஹீரோக்களை ஆட்டுவது திரையால் வந்த குறை இல்லை. ஆட்டத்துக்கு மூன்று ஹீரோக்களாவது வேண்டும் என்று விதியே சொல்கிறது. இரண்டு பேர் மேசையில் உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் இரண்டு டெக்கைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். தனியாக ஆடுபவர் மூன்றையும் பிடிப்பார். அட்டையிலும் அப்படித்தான்.

அதில் வேறொரு லாபம் உண்டு. மேசையில் உங்களுக்கு உங்கள் டெக் மட்டும்தான் ஆழமாகத் தெரியும். நான் முதல் மாதத்திலேயே பத்து டெக்குகளையும் உள்ளே போய்ப் பார்த்துவிட்டேன். டாக்கியான் வேகமாகக் கார்டுகளை இறக்கித் தள்ளுவது வீண் என்றே முதலில் நினைத்தேன். பர்ஸ்ட் என்று எழுதியிருக்கும் அந்தக் கார்டுகள் டிராஷில் குவியக் குவிய லைட்ஸ்பீட் பராஜ் என்ற கார்டின் அடி வளர்ந்துகொண்டே போகிறது என்று புரிந்தது ஆறாவது ஆட்டத்தில். எறிந்ததெல்லாம் சேமிப்பு என்று தெரிந்ததும் அந்த ஹீரோவையே வேறு மாதிரி ஆடத் தொடங்கினேன்.

பழங்கதை:

நீங்கள் இருவரும் மேசையா திரையா என்று அடித்துக்கொள்கிறீர்கள், என்னைக் கேட்டால் இரண்டும் வெறும் வாசல்படி. எனக்கு இந்த ஆட்டம் கிடைத்தது ஒரே ஒரு கார்டின் அடியில் இருந்த ஒரு வரியில். அப்போது நான் ஆடவே இல்லை.

வேறு ஆட்டம் ஆடப் போன இடத்தில் பக்கத்து மேசையிலிருந்து ஒரு கார்டு பறந்து என் காலடியில் விழுந்தது. எடுத்துக் கொடுப்பதற்கு முன் பார்த்தேன். மேலே படம், நடுவில் விதி, அடியில் ஒரு வசனம், வசனத்துக்குக் கீழே அது எந்தக் காமிக்ஸின் எத்தனையாவது இதழில் வந்தது என்று எண்ணோடு போட்டிருந்தது. எனக்குக் காமிக்ஸ் பைத்தியம் உண்டு. இப்படி ஒரு தொடர் எனக்குத் தெரியாமல் இருக்கிறதே என்று அன்று இரவு முழுக்கத் தேடினேன். கிடைக்கவில்லை. மறுநாளும் தேடினேன். பிறகுதான் தெரிந்தது, அப்படி ஒரு காமிக்ஸ் உலகத்திலேயே இல்லை.

செயின்ட் லூயிஸில் இருந்த கிரேட்டர் தேன் கேம்ஸ் 2011-இல் இதை வெளியிட்டபோது, ஆட்டத்தை வடிவமைத்த கிறிஸ்டோபர் படெல்லும் படங்களை வரைந்த ஆடம் ரெபோட்டாரோவும் பல பத்தாண்டுகளாக வெளிவந்துகொண்டிருக்கும் ஒரு காமிக்ஸ் நிறுவனத்தையே கற்பனை செய்துவைத்திருக்கிறார்கள். இதழ் எண், கதை வரிசை, யார் எப்போது அறிமுகம், யார் எப்போது செத்தார், எல்லாம். கார்டுகளில் நமக்குக் கிடைப்பது அந்த இல்லாத இதழ்களிலிருந்து கிழித்தெடுத்த துண்டுகள். 2017-இலிருந்து அவர்கள் இருவரும் தி லெட்டர்ஸ் பேஜ் என்ற பாட்காஸ்ட்டில் அந்தக் கதைகளை உட்கார்ந்து சொல்லவும் ஆரம்பித்தார்கள்.

ஷாட்டர்ட் டைம்லைன்ஸ் விரிவாக்கத்தில் அயர்ன் லெகசி என்று ஒரு வில்லன் வருவான். அவன் வேறு யாரும் இல்லை, நம் லெகசிதான், வேறொரு காலவரிசையில். அங்கே பேரன் பிளேடு அவருடைய மகளைக் கொன்றுவிடுகிறான், அதிலிருந்து இவர் கொடுங்கோலனாக மாறுகிறார். மேசையில் நாம் இந்தப் பக்கம் லெகசியை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் அவரையே அடிக்கலாம். அதே விரிவாக்கத்தில் ஆம்னிட்ரான்-எக்ஸ் என்று ஒரு ஹீரோ. முதல் பெட்டியில் நாம் உடைத்துத் தள்ளிய அதே இயந்திர வில்லன்தான், பின்னொரு காலத்திலிருந்து மனம் மாறித் திரும்பி வருகிறான். ஒரு சிறுகதையும் முழுதாக எழுதாமல், சின்னச் சின்ன வசனத் துண்டுகளிலேயே இதைச் செய்திருக்கிறார்கள்.

அடி இரண்டா மூன்றா என்பது முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஜீரோ யார் என்று தெரியாமல் மூன்று அடிப்பதில் எனக்கு ருசி இல்லை. குளிர்காக்கும் உடை இல்லாமல் குளிர் அறையை விட்டு வெளியே வந்தால் உயிர் தங்காது, வெளியே அந்த உடையைக் கழற்றவும் முடியாது, விரும்பி ஹீரோவானவரும் இல்லை. தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் பவர் அவரிடம் ஏன் இருக்கிறது என்று அப்போதுதான் புரியும்.

நான்குநிறம்:

பழங்கதை சொன்னதை ரசித்துப் படித்தேன், ஆனால் அவர் சொன்னதே என் எதிர்வாதம். இல்லாத காமிக்ஸைத் தேடி இரண்டு நாள் செலவழிக்க எல்லாராலும் முடியாது. தெரியாத பத்து பேரை மேசையில் வைத்து இவர்களைக் காப்பாற்று என்றால் புதியவர் ஏன் கவலைப்பட வேண்டும்?

நான் வந்தது 2019-இல் ஃபேன்டசி ஃப்ளைட் வெளியிட்ட மார்வெல் சாம்பியன்ஸ் என்ற கார்டு ஆட்டத்தின் வழியாக. பெட்டியைத் திறந்தால் ஸ்பைடர்மேன், அயர்ன்மேன், ஷீ-ஹல்க், கேப்டன் மார்வெல், பிளாக் பாந்தர். விளக்கம் தேவையே இல்லை. ஸ்பைடர்மேனின் அட்டையைத் திருப்பினால் பீட்டர் பார்க்கர். பார்க்கராக இருக்கும்போது வில்லன் உங்களை அடிக்காமல் தன் சதித் திட்டத்தை நகர்த்துவான். வீட்டில் கொஞ்சம் மூச்சு வாங்கலாம், ஆனால் ஊர் எரியும். திரும்ப முகமூடி போட்டால் அடி விழும், ஆனால் வில்லன் அடிக்க வரும்போதே ஸ்பைடர்-சென்ஸால் ஒரு கார்டு எடுத்துக்கொள்ளலாம். சின்ன வயதிலிருந்து தெரிந்த ஒரு ஆளின் வாழ்க்கைப் பிரச்சினை ஒரு அட்டையைத் திருப்புவதில் வந்துவிட்டது. முதல் ஐந்து நிமிடத்தில் எனக்கு ஆட்டம் கிடைத்துவிட்டது.

இன்னொரு விஷயம். செண்டினல்ஸில் ஹீரோவின் 40 கார்டுகளும் அச்சடித்தபடியே, ஒன்றைக்கூட மாற்ற முடியாது. சாம்பியன்ஸில் ஹீரோவுக்கே உரிய 15 கார்டு போக மீதியை நாமே சேர்த்து 40-இலிருந்து 50 வரை கட்டிக்கொள்ளலாம். முதல் பெட்டியிலேயே ஆக்ரோஷம், நீதி, தலைமை, பாதுகாப்பு என்று நாலு நிறம். ஒரே ஸ்பைடர்மேன் சிவப்பில் ஒரு ஆள், பச்சையில் வேறு ஆள். நீங்கள் எல்லாம் முதன்முதலில் கண்டுபிடித்த கதையைச் சொல்கிறீர்கள், எனக்கு ஒவ்வொரு முறை கட்டும்போதும் மறுபடி கண்டுபிடிப்புதான்.

பழங்கதை:

நாலு நிறம் நல்ல வாதம், கட்டிக்கொள்ளும் சுகம் எனக்கும் தெரியும். ஆனால் மாற்ற முடியாததை ஏன் குறை என்கிறீர்கள்? அந்த 40 கார்டும் சேர்ந்துதான் அந்த ஆள். டெம்பஸ்டின் டெக்கிலிருந்து பத்தை எடுத்துவிட்டு வேறு பத்தைப் போட்டால் அது டெம்பஸ்ட் இல்லை. நண்பரோடு பழகுவது மாதிரி, அவரிடம் இருப்பதை வைத்துத்தான் நாம் பழக முடியும்.

தெரிந்த முகம் விஷயத்தில் என் பதில் இது: ஸ்பைடர்மேன் தோற்கமாட்டார் என்று உங்களுக்கு ஆட்டம் தொடங்கும் முன்பே மனதில் ஒரு மூலையில் தெரியும். டெம்பஸ்ட் பிழைப்பாரா என்று எனக்கு நிஜமாகவே தெரியாது.

நான்குநிறம்:

ரைனோ என்ற வில்லனிடம் இரண்டு வாரம் தோற்றவனிடம் ஸ்பைடர்மேன் தோற்கமாட்டார் என்கிறீர்கள். நேரில் வந்து பாருங்கள், என் ஸ்பைடர்மேன் எத்தனை முறை விழுந்திருக்கிறார் என்று.

சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சாம்பியன்ஸ் வழியாக வந்த பிறகுதான் செண்டினல்ஸைத் தொட்டேன், தொட்டபோது என்னை முதலில் பிடித்தது சூழல் டெக். வில்லன் முறை, ஹீரோக்கள் முறை, அதற்குப் பிறகு இடத்துக்கே ஒரு முறை. இன்சுலா பிரைமாலிஸ் என்ற இடத்தில் ஆடினோம், டைனோசர் வந்து எங்களையும் கடித்தது, வில்லனையும் கடித்தது. அந்த இடத்துக்கு யார் நல்லவர் என்று கவலையே இல்லை. சண்டை எங்கே நடக்கிறது என்பது இவ்வளவு கனமாகச் சாம்பியன்ஸில் எனக்குத் தோன்றியதில்லை. அதை மனதார விட்டுக்கொடுக்கிறேன். தெரியாத முகங்கள் விஷயத்தில் என் கருத்து அப்படியே இருக்கிறது.

கட்டுக்காரர்:

இரண்டு நாள் கழித்து வருகிறேன். திரைவாசிக்குப் பதில் சொல்லாமல் ஓடிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், கார்டுகளை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது சரி. மூன்றுதான். எங்கள் ஜீரோக்காரனை அழைத்துச் சொன்னேன், ஒரு நிமிடம் பேச்சே இல்லை, அப்புறம் "அப்படியானால் அந்தத் தோற்ற ஆட்டங்கள்?" என்றான். அவனுக்காக வருத்தமாக இருந்தது, எனக்காகவும்.

ஆனாலும் முழுதாக இறங்கி வர மாட்டேன். நேற்று நாங்கள் நாலு பேரும் அந்த இரண்டு கார்டுகளையும் நடுவில் வைத்து முக்கால் மணி நேரம் வாதாடினோம். எனக்கு நானே கொடுத்துக்கொள்வது நான் கொடுத்த அடியா? பங்கர் என்ற ஹீரோவின் ஹெவி பிளேட்டிங் மாதிரி ஒரு கவசம் ஜீரோவுக்கு இருந்திருந்தால் அந்தக் கூட்டலும் கழித்தலும் எந்த இடத்தில் சேரும்? கடைசியில் அந்த விதி எங்களுக்குப் புரிந்தபோது நாலு பேருக்கும் ஒன்றாகப் புரிந்தது. உங்களுக்கு அந்த எண் திரையில் வந்தது, நீங்கள் தனியாக எழுந்து நின்றீர்கள். அந்த நேரத்தில் திரும்பிப் பார்க்கப் பக்கத்தில் ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது. உங்களைக் குறைத்துச் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதி என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், அது கரடுமுரடான சொல்.

திரைவாசி:

அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டதற்கு நன்றி. பக்கத்தில் ஒருவர் இருந்திருக்க வேண்டும் என்றீர்களே, அது உண்மைதான். அப்போது யாரையாவது எழுப்பிச் சொல்ல வேண்டும் போல இருந்தது, எழுப்ப யாரும் இல்லை.

அதே நேரம் இதையும் சொல்ல வேண்டும். இப்படித் தனியாக, நடு இரவில், மேசைக்குப் போக வழியில்லாமல் இந்த ஆட்டத்துக்குள் வந்தவர்கள் நிறைய பேர். உடம்பு முடியாதவர்கள், ஊர் மாறியவர்கள், சுற்றிலும் இதில் ஆர்வமுள்ள ஒருவரும் இல்லாதவர்கள். வாரத்துக்கு ஒரு முறை எல்லாருக்கும் ஒரே ஹீரோக்கள், ஒரே வில்லன், ஒரே கார்டு வரிசை என்று ஒரு சவால் அந்தப் பதிப்பில் வரும். முகம் தெரியாத பலர் அதே ஆட்டத்தைத்தான் ஆடியிருப்பார்கள் என்று தெரிந்து ஆடுவது எனக்குப் பெரிய துணையாக இருந்தது. உங்கள் மேசை அளவுக்கு அது இல்லை, ஆனால் ஒன்றுமில்லாததும் இல்லை.

விழுந்தஹீரோ:

வேறு ஒரு சந்தேகம். தங்கைக்கு இப்போது சொந்தமாக ஒரு பெட்டி வேண்டுமாம். பழைய என்ஹான்ஸ்டு பதிப்பு யாரிடமாவது கிடைத்தால் வாங்கட்டுமா, 2021-இல் வந்த டெஃபினிட்டிவ் பதிப்பா?

பழங்கதை:

டெஃபினிட்டிவ். பன்னிரண்டு ஹீரோக்கள், ஆறு வில்லன்கள், ஆறு இடங்கள், ரெபோட்டாரோ எல்லாப் படங்களையும் புதிதாக வரைந்திருக்கிறார், கார்டுகளின் சொற்களும் தெளிவு. முதல் பெட்டியில் இல்லாத யூனிட்டியும் ஆர்ஜென்ட் அடெப்ட்டும் உள்ளேயே இருக்கிறார்கள். பழைய விரிவாக்கங்களோடு சேராது, அது ஒன்றுதான் குறை, புதிதாகத் தொடங்குபவருக்கு அது குறையே இல்லை.

கட்டுக்காரர்:

இதில் எனக்கும் பழங்கதைக்கும் ஒத்துப்போகாது. பழைய பெட்டி கடன் கொடுத்தவரிடமே கிடைக்கும் என்றால் அதையே வாங்குங்கள். அவள் செத்துப்போய் ஜெயித்தது அந்த அட்டையில்தான்.

விழுந்தஹீரோ:

இதை நான் யோசிக்கவே இல்லை. கேட்டுப் பார்க்கிறேன்.

திரைவாசி:

கட்டுக்காரர், உங்களிடம் ஒரு உதவி. இரவு வேலை போன மாதம் முடிந்தது. இங்கே நடந்த பேச்சையெல்லாம் படித்த பிறகு பெட்டி ஒன்று வாங்கிவிட்டேன், பழைய பதிப்புதான். இந்த வாரக் கடைசியில் மூன்று பேர் வருகிறார்கள், மூவருக்கும் ஆட்டம் புதிது, நானும் இதுவரை கார்டைக் கையில் பிடித்ததில்லை. எந்த நாலு ஹீரோக்களை எடுக்கலாம்? நூற்றுக்கணக்கான ஆட்டம் ஆடியவன் இதைக் கேட்பது விசித்திரமாக இருக்கலாம், ஆனால் மேசையில் எது வேலை செய்யும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

கட்டுக்காரர்:

ரா, டெம்பஸ்ட், லெகசி, ஜீரோ. வில்லன் பேரன் பிளேடு, இடம் மெகலோபோலிஸ். ராவை அவசரக்காரரிடம் கொடுங்கள், முதல் முறையிலிருந்தே நெருப்பு இருக்கும், காத்திருக்க வேண்டாம். டெம்பஸ்ட் எல்லாரையும் கவனித்துக்கொண்டிருப்பவரிடம். லெகசியை, பவரைப் படித்துவிட்டு முகம் சுளிக்கிறவரிடமே கொடுத்துவிட்டு மூன்றாவது சுற்று வரை எதுவும் சொல்லாமல் இருங்கள். ஜீரோவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அந்த மூன்றை அவர்கள் கண் முன்னால் எண்ணிக் காட்ட வேண்டியது நீங்கள்தான்.

கூட்டல் கழித்தல் டோக்கன்களை மேசையின் நடுவில் எல்லார் கைக்கும் எட்டும்படி வையுங்கள், நீங்களே எல்லாக் கணக்கையும் போட்டுவிடாதீர்கள், அவர்கள் தப்பாகச் சொன்னால் கொஞ்சம் பொறுத்துச் சொல்லுங்கள். டிராஷில் இருக்கும் கார்டுகளை எண்ணும் வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள், ஒவ்வொரு சுற்றிலும் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். பிளேடின் அட்டைக்குப் பின்பக்கம் ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

திரைவாசி:

சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்து எழுதுகிறேன்.